சீருடைக்கு அளவெடுப்பதுபோல: பள்ளியில் சிறப்புக் கல்வி ஆதரவு எப்படி இயங்குகிறது?

என் மகன் மூன்றாம் வகுப்பில் படித்தபோது அவனுடைய தமிழ் நோட்டின் ஒரே பக்கத்தில் 'கவனக்குறைவு' என்ற சொல் சிவப்பு மையில் நான்கு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. 'கொடி' என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பைப் போட்டுவிட்டுக் காலை விட்டிருந்தான். அது 'கெடி' என்று நின்றது. 'பள்ளம்' என்ற சொல்லில் இரண்டு புள்ளிகளும் இல்லை. அதே பாடத்தை வாயால் கேட்டால் ஒரு வரி விடாமல் சொல்வான். ஓராண்டு கழித்து, அவனுக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது அறிவுத்திறனில் குறையில்லாதபோதும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ கடினமாக இருக்கும் நிலை, இருப்பதாக மதிப்பீட்டு அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனபோது கிடைத்த பதில் இது: "எங்க ஸ்கூல்ல ஸ்பெஷல் எஜுகேஷன் கிடையாது சார்."

நீச்சல்குளம் கிடையாது என்று சொல்வதுபோல அது சொல்லப்பட்டது. அன்று எனக்கும் அந்த வாக்கியத்தில் இருந்த பிழை தெரியவில்லை என்பதால், அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். சிறப்புக் கல்வி ஆதரவு என்பதை ஓர் அறையாகவோ, ஓர் ஆளாகவோ, கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் வசதியாகவோ நினைப்பதுதான் இந்தப் பொருளில் பெற்றோரும் பள்ளியும் ஒருசேரச் செய்யும் முதல் தவறு. உண்மையில் அது ஒரு நடைமுறை: குழந்தைக்குத் தடையாக இருப்பது எது என்று கண்டறிந்து, பள்ளி வழக்கமாகச் செய்யும் ஒன்றை அதற்கேற்ப மாற்றி, மாற்றியதை எழுதிவைத்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மீண்டும் பார்ப்பது. அந்த நடைமுறையைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளை முன்வைத்து, இப்போதுதான் தொடங்கும் பெற்றோருக்காக இங்கே விளக்குகிறேன்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

நம் ஊரில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்றால் பொதுத்தேர்வு நெருங்கும்போது காலையிலும் மாலையிலும் வைக்கப்படும் கூடுதல் வகுப்பு. 'சிறப்பாசிரியர்' என்றால் அரசுப் பணியிட வழக்கில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆகியவற்றைக் கற்பிப்பவர். 'சிறப்புப் பள்ளி' என்றால் பார்வையற்றோர், காதுகேளாதோர், அறிவுசார் குறைபாடு உடையோர் போன்றோருக்கெனத் தனியே நடத்தப்படும் பள்ளி. ஆகவே ஒரு தாய் தலைமையாசிரியர் அறைக்குள் போய் 'சிறப்புக் கல்வி' என்று வாய் திறந்த உடனேயே, குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். அந்தத் தாய்க்கும் அடிமனத்தில் அதே அச்சம் இருப்பதால் பேச்சு அங்கேயே தடம் மாறிவிடுகிறது.

நாம் பேச வேண்டிய சொல் 'உள்ளடக்கிய கல்வி'. குறைபாடுள்ள மாணவர்களும் பிறரும் ஒரே இடத்தில் சேர்ந்து கற்க, கற்பிக்கும் முறை அவரவர் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கப்படும் கல்வி முறை என்று இதற்குப் பொருள். இதற்கெனப் பயிற்சி பெற்றவரை அரசுப் பள்ளி வட்டாரத்தில் 'சிறப்புப் பயிற்றுநர்' என்றும், தனியார் பள்ளிகளில் 'ஸ்பெஷல் எஜுகேட்டர்' என்றும் சொல்கிறார்கள். இவர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் 'குழந்தைகள் கற்றல் ஆலோசகர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே போகும் முன் அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

தையற்கடையில் யாரும் கேட்காத கேள்வி

ஜூன் மாதத்தில் சீருடைத் துணியோடு தையற்கடைக்குப் போகும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் துணி ஒன்றுதான், நிறம் ஒன்றுதான். ஆனால் தையற்காரர் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாடாவை எடுத்துத் தனித்தனியே அளவு குறிக்கிறார். வளரும் பிள்ளை என்பதால் உள்ளே மடிப்பு விட்டுத் தைக்கிறார். உயரமான பையனுக்கு அரை முழம் கூடுதலாகத் துணி போயிற்று, அது மற்றவர்களுக்கு அநீதி என்று எந்தப் பெற்றோரும் தையற்கடையில் சண்டை போடுவதில்லை. அதே பையனுக்கு எழுதக் கூடுதலாக அரை மணி நேரம் கொடுத்தால் மட்டும் 'மற்ற பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?' என்ற கேள்வி எழுகிறது.

இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் வரும். உடலின் அளவு நாடாவுக்குத் தெரிகிறது. கற்றலின் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், அதற்குப் பயிற்சி பெற்றவரின் மதிப்பீடு தேவைப்படுகிறது. அதுவரை 'சோம்பேறி', 'வால்', 'கவனக்குறைவு' என்பனவே நாடாவாகப் பயன்படுகின்றன. ஆனால் இரண்டு இடங்களில் ஒப்புமை சரியாகவே பொருந்துகிறது. ஒன்று, போன ஆண்டு எடுத்த அளவு இந்த ஆண்டுக்கு உதவாது. மற்றொன்று, அளவு மாறினாலும் துணி மாறுவதில்லை. இந்த இரண்டாவது செய்தியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஏற்பாடு வேறு, பாட மாற்றம் வேறு

சட்டத்தில் வரும் முக்கியமான சொல்லைத் தமிழில் 'நியாயமான ஏற்பாடு' என்று சொல்லலாம். குறைபாடுள்ள ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையைப் பயன்படுத்துவதற்காகச் செய்யப்படும், தேவையான, பொருத்தமான மாற்றம் என்பது இதன் பொருள். அதைச் செய்பவர்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாததாக அது இருக்க வேண்டும். முன்வரிசையில் இடம், கரும்பலகையில் எழுதியதை அச்சிட்டுத் தருவது, கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாக விடை கேட்பது எல்லாம் இதில் அடங்கும். இங்கே பாடம் அதேதான். பாடத்துக்குள் நுழையும் வழி மட்டுமே மாறுகிறது.

'பாட மாற்றம்' என்பது கற்க வேண்டிய அளவையே குறைப்பது அல்லது வேறாக்குவது. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு குழந்தைக்கு இது தேவையானதாகவும் முறையானதாகவும் இருக்கலாம். ஆனால் அதன் விளைவு பின்னாளில் எந்தத் தேர்வை எழுத முடியும் என்பதுவரை நீள்வதால், பெற்றோர் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டிய முடிவு அது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தத் தேர்வு எதை அளக்கிறது? ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அளக்கும் அறிவியல் தேர்வில் வினாவை வாசித்துக் காட்டினால் அளவுகோல் மாறுவதில்லை. குழந்தைக்கு ஒளிச்சேர்க்கை தெரியுமா என்பது இன்னும் சரியாகவே அளக்கப்படுகிறது. அதே குழந்தைக்குத் தமிழ் வாசிப்புத் தேர்வில் பத்தியை வாசித்துக் காட்டினால், அளக்க வந்ததே கைநழுவிவிடுகிறது. அறிவியல் விடைத்தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள் என்று கேட்பது நியாயம் என்பதும், சொல்வதெழுதுதலில் அப்படிக் கேட்பது பொருந்தாது என்பதும் இதிலிருந்தே கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பல பள்ளிகள் கருணையோடு முன்வைக்கும் தீர்வு, "கவலைப்படாதீங்க, பாஸ் போட்டுடறோம்" என்பது. இது ஏற்பாடும் அல்ல, பாட மாற்றமும் அல்ல. எதையும் மாற்றாமல் மதிப்பெண்ணை மட்டும் மாற்றுவது. எட்டாம் வகுப்புவரை ஓடும் இந்த வண்டி ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும், அப்போது இழந்த ஆண்டுகளை ஈடுகட்ட நேரமிருக்காது. மறுப்பைவிட இந்தக் கருணையே அதிகக் கெடுதல் செய்கிறது என்பது என் கருத்து.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: சிறப்புக் கல்வி ஆதரவு குழந்தைக்குத் தக்கபடி பள்ளியின் வழக்கத்தை மாற்றும் நடைமுறை. பாடத்தை விட்டுவைத்து வழியை மாற்றினால் அது ஏற்பாடு. பாடத்தையே மாற்றினால் பாட மாற்றம். பள்ளி நமக்குத் தருவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை.

சட்டம் யாரைக் கட்டுகிறது?

அடிப்படைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் பட்டியலிட்டது. புதிய சட்டம் அதை 21 ஆக்கி, புறவுலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதீதத் துறுதுறுப்போடு கவனம் சிதறும் நிலையான ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதோடு சேர்ந்து கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருக்கிறதா என்று மதிப்பீட்டில் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சட்டத்தின் 16ஆம் பிரிவுதான் பள்ளியைப் பற்றியது. அரசின் நிதி பெறும் அல்லது அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் அது குறிப்பிடுவதால், 'நாங்கள் தனியார் பள்ளி', 'நாங்கள் சி.பி.எஸ்.இ.' என்ற பதில்கள் பொருந்தா. பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடத்தை அணுகத்தக்கதாக ஆக்குவது, ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ப நியாயமான ஏற்பாடு செய்வது, கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து கற்பிக்கும் முறையில் தக்க நடவடிக்கை எடுப்பது, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது ஆகியவை அதில் வரிசையாக வருகின்றன. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாட்டில் அடங்கும் என்று அதே சட்டத்தின் வரையறைப் பகுதி சொல்கிறது. கடிதம் எழுதும்போது மிகவும் பயன்படும் வரி இது.

ஒரு நுணுக்கத்தையும் மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் இவற்றைச் செய்யும்படி பார்த்துக்கொள்ள அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் முயல வேண்டும் என்ற நடையில்தான் 16ஆம் பிரிவு தொடங்குகிறது. கடமை அரசின் வழியாகவே பள்ளியை வந்தடைகிறது என்பதால்தான், பள்ளியோடு மட்டும் மல்லுக்கட்டாமல் கல்வித் துறை அலுவலரையும் கடிதத் தொடர்பில் வைத்துக்கொள்வது பலன் தருகிறது.

இதோடு, 6 முதல் 14 வயதுவரைக்குமான கல்வி உரிமைச் சட்டம், 2009 இருக்கிறது. சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டுவதை அது தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றுவதையும் தடை செய்கிறது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலோ அப்படியொரு விலக்கு எழுதப்படவில்லை.

அறிக்கையும் சான்றிதழும்

பெற்றோரை அதிகமாக அலைக்கழிப்பது "சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்ற ஒரு வரி. இங்கே இரண்டு வெவ்வேறு தாள்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

'மதிப்பீட்டு அறிக்கை' என்பது உளவியலாளரோ சிறப்புப் பயிற்றுநரோ குழந்தையைச் சோதித்து, எது வருகிறது, எது வரவில்லை, என்ன செய்யலாம் என்று எழுதித் தருவது. 'குறைபாட்டுச் சான்றிதழ்' என்பது அரசு அங்கீகரித்த மருத்துவ அமைப்பு, குறைபாடு எந்த வகை, எத்தனை விழுக்காடு என்று சான்றளிப்பது, யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டை இதன் தொடர்ச்சியே. வகுப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அறிக்கை. அரசு நலத்திட்டங்களுக்கும் பொதுத்தேர்வுக்கும் கேட்கப்படுவது சான்றிதழ்.

40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள நிலையைச் சட்டம் 'அளவீட்டு நிலைக் குறைபாடு' என்று தனியே பிரிக்கிறது. 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி போன்ற சில உரிமைகளுக்கு இந்த வரம்பு உண்டு. ஆனால் 16ஆம் பிரிவின் நியாயமான ஏற்பாட்டுக்கு இந்த வரம்பு சொல்லப்படவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' நிலையால் எழுதச் சிரமப்பட்ட தேர்வர் ஒருவருக்கு, 40 விழுக்காட்டு வரம்புக்குள் வரவில்லை என்று காரணம் காட்டி எழுத்துத்துணை, அதாவது சொல்வதை எழுதும் ஆள், மறுக்கப்பட்டது தவறு என்று அது தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, 40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுவோருக்கான தேர்வு நெறிமுறைகளை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது.

வயதையும் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்றும் 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் வகுத்தன. அப்படியானால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சான்றிதழ் கேட்பது, சட்டப்படி இன்னும் பிறக்காத தாளைக் கேட்பதாகும். விரைவில் கண்டறிய வேண்டும் என்று பள்ளிக்குச் சொல்லும் சட்டம், கண்டறிந்த பிறகு சான்றிதழ் வரும்வரை சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை.

பொதுத்தேர்வு மட்டும் தனிக் கதை. அங்கே முடிவெடுப்பது பள்ளி அல்ல, தேர்வு வாரியம். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம், தகுதியுள்ளவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்றவற்றை வழங்குகிறது, சி.பி.எஸ்.இ.யும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகச் செல்ல வேண்டும், சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு டிசம்பரில் மருத்துவமனை வரிசையில் நிற்பதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களை முடித்துவைப்பது நல்லது.

அதோடு, சொல்வதை எழுதுபவரைப் பயன்படுத்துவதும் பழகிக்கொள்ள வேண்டிய திறன். என் மகன் முதன்முதலில் வீட்டுச் சமையலறை மேசையில் இதைப் பழகியபோது அவன் அக்கா சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். விடைத்தாளின் முதல் வரி 'அது வந்து, இரு, அழிச்சிடு' என்று தொடங்கியது. முழு விடையையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு, வரி முடிவையும் பத்தி மாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல அவனுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

சுருக்கமாக: வகுப்பறை ஏற்பாட்டுக்கு அறிக்கையைக் கொண்டு கேளுங்கள்; பொதுத்தேர்வுக்குச் சான்றிதழை முன்கூட்டியே பெறுங்கள்.

கேட்பது எப்படி: ஒரு கடிதம்

நம்மில் பலரும் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடுகிறோம். பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் நின்று, பின்னால் ஆறு பேர் காத்திருக்க, வகுப்பாசிரியரிடம் இரண்டு நிமிடம் பேசி, அவரும் "பார்த்துக்கறேன் மேடம்" என்று நல்ல மனத்தோடு சொல்லி, அடுத்த வாரம் அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் காற்றோடு போய்விடுகிறது. எழுத்தில் கேட்டால் சண்டைக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் பணிவாக எழுதப்பட்ட கடிதம் ஆசிரியருக்கும் பாதுகாப்பு. மேலே கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாள் இருக்கும்.

நான் பயன்படுத்திய கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது:

"இணைப்பிலுள்ள மதிப்பீட்டு அறிக்கையின்படி என் மகனுக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளது. கரும்பலகையிலிருந்து பார்த்து எழுத அவனுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆகிறது. அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் விடை தெரிந்தும் எழுத்துப் பிழைகளால் மதிப்பெண் இழக்கிறான். எனவே அவனை முன்வரிசையில் அமர்த்தவும், கரும்பலகைக் குறிப்புகளின் நகலைத் தரவும், மொழிப்பாடம் அல்லாத தேர்வுகளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதிருக்கவும், ஒரு மணி நேரத் தேர்வுக்கு இருபது நிமிடம் கூடுதலாக அளிக்கவும் வேண்டுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு குறிப்பிடும் நியாயமான ஏற்பாடுகளாக இவற்றைக் கோருகிறேன். இவற்றுள் எதையேனும் செய்ய இயலாதெனில், அதற்கான காரணத்தையும் தாங்கள் செய்யக்கூடிய மாற்று ஏற்பாட்டையும் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதன் அமைப்பைக் கவனியுங்கள். குறைபாட்டின் பெயரோடு நிற்காமல் வகுப்பறையில் ஏற்படும் தடை சொல்லப்படுகிறது. ஒவ்வொரு தடைக்கும் எதிரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சட்டம் ஒரே வரியில் வந்து போகிறது. கடைசி வரி, மறுப்பதென்றால் காரணம் எழுத வேண்டும் என்ற நிலையை உருவாக்குகிறது. 'தனிக் கவனம் செலுத்துங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'செலுத்துகிறோம்' என்று பொதுவாகவே பதில் வரும்.

இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் சுருக்கொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் "வெச்சுட்டுப் போங்க" என்றால் அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்பலாம். நேரில் பேசிய ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை இவை' என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். யாரும் மறுக்காத நான்கு வரி, பின்னர் பதிவாக நிற்கும்.

ஒரு பக்கத் திட்டம்

கடிதத்துக்குப் பிறகு நடக்கும் சந்திப்பின் விளைவு ஒரு பக்கத்தில் எழுதப்பட வேண்டும். 'தனியாள் கல்வித் திட்டம்' என்று இதற்குப் பெயர். குழந்தை இப்போது எங்கே நிற்கிறது, எதுவரை போக வேண்டும், யார் என்ன செய்வார், எப்போது மீண்டும் பார்ப்பது ஆகிய நான்கும் இருந்தால் போதும். 'வாசிப்பு மேம்படும்' என்பது இலக்கு ஆகாது. 'இரண்டாம் வகுப்புப் பாடநூலின் பத்தி ஒன்றை அரையாண்டுத் தேர்வுக்குள் ஐந்துக்கும் குறைவான பிழைகளோடு வாசிப்பான்' என்பதை எவரும் சரிபார்க்க முடியும்.

இணையத்தில் தேடினால் 'ஐ.இ.பி.' (தனியாள் கல்வித் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்), '504 திட்டம்' என்ற சொற்கள் வந்து குவியும். அவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களைச் சேர்ந்தவை. அங்கே ஐ.இ.பி.க்குச் சட்டம் வகுத்த கூட்டமும் காலக்கெடுவும் உண்டு. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தேவைக்கேற்ற தனிப்பட்ட ஆதரவைச் சொல்கிறதே தவிர, அந்தத் திட்டத்தைப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே இங்கே 'ஐ.இ.பி. கொடுப்பது கட்டாயம்' என்று வாதிட்டால் பள்ளி எளிதில் தட்டிவிடும். 16ஆம் பிரிவின் ஏற்பாடுகளையும் முன்னேற்றக் கண்காணிப்பையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டால் தட்ட இயலாது.

பள்ளியின் பக்கமும் உண்டு

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு நாளில் ஆறு பாடவேளை எடுக்கும் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் கேட்க முடியாது. அளவுக்கு மீறிய சுமை என்ற வரம்பைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அரசுப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தை மையமாகக் கொண்டு பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்கிறார்கள். ஒரே பள்ளியில் நாள் முழுதும் இருப்பதில்லை. தொடக்கநிலையில் குறைபாடுள்ள 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் அத்தகைய 15 மாணவருக்கு ஒருவர் எனச் சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பணியிடங்களை அனுமதித்து அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

இருந்தாலும் மேலே கடிதத்தில் கேட்ட நான்கில் எதற்கும் புதிய பணியிடம் தேவையில்லை. கூடுதல் ஆள் தேவைப்படும் இடத்தில்தான் உண்மையான இழுபறி வருகிறது. பிள்ளையுடன் வகுப்பில் அமர்ந்து உதவும் 'ஷேடோ டீச்சரை' உங்கள் செலவில் வைத்தால்தான் சேர்ப்போம் என்று பள்ளி சொன்னால், எந்த மதிப்பீட்டின்படி அது தேவை, எத்தனை மணி நேரம், எப்போது குறைக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கேட்ட பிறகு நிபந்தனை தளர்ந்த குடும்பங்களும் உண்டு, செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொண்ட குடும்பங்களும் உண்டு.

மறுத்தால் எங்கே போவது?

"டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" என்பது பெரும்பாலும் வாய்மொழியாகவே வரும். எழுதித் தாருங்கள் என்று கேட்டால் பல வேளைகளில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் முதலில் பள்ளி நிர்வாகத்துக்கும், அடுத்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் எழுதலாம். மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கை, பள்ளி வசதிகள் தொடர்பானவற்றைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன; அவர் யார் என்று கேட்பதே கடிதத்தின் முதல் வரியாக இருக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு படி அனுப்புவது நல்லது.

அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவர் முறையீட்டை விசாரிக்கலாம். ஆவணங்களையும் ஆட்களையும் வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவருடைய பரிந்துரைமீது எடுத்த நடவடிக்கையை உரிய அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இந்த இடத்துக்கு வரும்போது கையில் இருக்க வேண்டியவை அறிக்கை, முத்திரையிட்ட கடிதப் படிகள், அந்த நான்கு வரி மின்னஞ்சல்கள். இவை இல்லாமல் போகிறவர்களின் கதை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், பள்ளியின் 'அப்படி யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை' என்ற பதிலுக்கு முன்னால் தடுமாறுகிறது.

மீண்டும் ஜூன்

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வகுப்பாசிரியர் மாறுவார்; அலமாரியில் இருக்கும் திட்டத்தை அவர் படித்திருப்பார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். முதல் வாரத்திலேயே அந்த ஒரு பக்கத்தை நேரில் கொடுத்து, எந்த ஏற்பாடு உதவியது, எது தேவையற்றுப்போனது என்று பேசிவிட வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்வது நல்லது.

எட்டாம் வகுப்பு தொடங்கியபோது அந்தத் தாளை மகனிடமே கொடுத்தோம். 'முன்வரிசையில் இடம்' என்ற வரியை அவன் பேனாவால் அடித்தான். கீழே, 'தேர்வுக்குத் தனி அறை வேண்டாம், எல்லோரும் பார்க்கிறார்கள், கடைசி பெஞ்ச் போதும், ஆனால் நேரம் வேண்டும்' என்று எழுதினான். 'வேண்டும்' என்பதில் ஒரு புள்ளி குறைந்திருந்தது. வகுப்பாசிரியர் அதைத் திருத்தாமல் பக்கத்தில் கையெழுத்திட்டார்.